அடுப்படிச் சாட்சிகள்

(வாசகர் வட்டத்தின் டிசம்பர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பருவத்துக்கு ஏற்ற புத்தகம் ஒன்று, அதைப் படிக்கும்போது கொறிக்கப் பண்டம் ஒன்று, இரண்டையும் சேர்த்துப் பேசுங்கள் என்றார்கள். நான் எடுத்துக்கொண்டது கிறிஸ்துமஸ் காலத்தில் நடக்கும் சமையல் துப்பறியும் கதைகள். கூடவே, அதே நாட்களில் இத்தாலியர்கள் சுடும் குக்கீகள்.

கொறிக்க நன்றாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். இந்த வகைக் கதையில் வரும் பண்டத்தை நாமே சுட்டுப் பார்த்தால் துப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணில் பட ஆரம்பிக்கும். மாவு எவ்வளவு நேரம் ஊற வேண்டும், ஓவனைத் திறந்தால் என்ன வாசனை வரும், டப்பாவில் எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் சுட்டவருக்குத் தெரியும். கொலையாளி பொய் சொல்வது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

கோஸி மிஸ்டரி என்ற வகை நம்மில் பலருக்குப் பழக்கமானது. கொலை நடக்கும், ஆனால் கொடூரத்தை நம் கண்முன் விரித்துக் காட்ட மாட்டார்கள். ஊர் சின்னது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். துப்பறிபவர் போலீஸ்காரர் இல்லை. நூலகராகவோ கடைக்காரராகவோ இருப்பார். அதன் சமையல் கிளை அமெரிக்காவில் தழைத்தது. 1982-இல் வெர்ஜீனியா ரிச் சமையல் பள்ளி ஒன்றைச் சுற்றிக் கொலைக்கதை எழுதினார். 1990-இல் டயான் மோட் டேவிட்சன் கொலராடோவில் விருந்துச் சமையல் செய்யும் ஒரு பெண்ணைத் துப்பறிய வைத்தார். 2000-இல் வந்த ஜோன் ஃப்ளூக்கின் முதல் ஹன்னா ஸ்வென்சன் நாவலில், மின்னசோட்டாவின் கற்பனை ஊர் ஒன்றில் பேக்கரி நடத்தும் பெண்தான் கொலையாளியைத் தேடுகிறாள். குக்கீ செய்முறைகள் அத்தியாயங்களுக்கு நடுவிலேயே வருகின்றன. நம்மில் பலர் அவற்றைப் புரட்டிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறோம். அப்படிப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பேக்கரிக்காரி ஏன் நல்ல துப்பறிவாளர்? ஊர் எழும் முன் எழுந்துவிடுகிறாள். எந்த வீட்டில் எத்தனை பேருக்கு ஆர்டர், யார் திடீரென்று ரத்து செய்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். தட்டோடு வந்தால் எந்த வீட்டுப் பின்கதவும் திறக்கும். கிறிஸ்துமஸ் என்றால் இன்னும் வசதி. வருஷம் முழுக்க ஒருவரையொருவர் தவிர்த்த உறவினர்கள் ஒரே கூரையின் கீழ் வந்து சேருவார்கள், பனி பாதையை அடைத்துவிடும், சந்தேகத்துக்குரியவர்கள் ஓடிப்போக முடியாது.

இதை அகாதா கிறிஸ்டி நன்றாக அறிந்திருந்தார். அவர் படைத்த துப்பறிவாளர் பொய்ரோ வரும், 1938-இல் வெளியான கிறிஸ்துமஸ் நாவல் கோஸி என்று சொல்ல முடியாத அளவுக்கு ரத்தம் சிந்தும் கதை. உங்கள் கொலைகள் ரொம்ப நாசூக்காகிவிட்டன என்று அக்காவின் கணவர் குறைபட்டதால் அப்படி எழுதியதாக அதன் சமர்ப்பணத்திலேயே சொல்கிறார். 1960-இல் கிறிஸ்துமஸ் புட்டிங்கைத் தலைப்பில் வைத்து ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். அதன் முன்னுரையில் தன்னைச் சமையல்காரராகவும் கதைகளை விருந்தின் வகைகளாகவும் சொல்லி, இளம் வயதில் ஆப்னி ஹால் என்ற மாளிகையில் கழித்த கிறிஸ்துமஸ்களை நினைவுகூர்கிறார். தலைப்புக் கதையில் புட்டிங்கைச் சாப்பிடாதே என்று பொய்ரோவின் தலையணையில் ஒரு சீட்டு கிடக்கும். இன்று நாம் படிக்கும் சமையல் துப்பறியும் கதைகள் பலவற்றின் விதை அந்தச் சீட்டில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சரி, இத்தாலிக்கு வருவோம். அங்கே பண்டிகைக் காலம் டிசம்பர் 8, மாதாவின் அமலோற்பவத் திருநாளோடு தொடங்கி, ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை போகும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனிப் பண்டம் உண்டு. சியேனாவில் ரிச்சியாரெல்லி, அப்ரூட்ஸோவில் பிட்ஸெல்லே, நேப்பிள்ஸில் தேனில் புரட்டிய ஸ்த்ருஃபோலி உருண்டைகள், சிசிலியில் அத்தி வைத்த குச்சிதாத்தி. 1880-க்கும் 1924-க்கும் இடையில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் அமெரிக்கா போனார்கள். பெரும்பாலோர் தெற்கு இத்தாலியர்கள், சிசிலிக்காரர்கள். தட்டும் அவர்களோடு போயிற்று. அங்கே இத்தாலியக் கொடியின் மூன்று நிறத்தில் பாதாம் விழுது கேக்கை அடுக்கி, நடுவில் ஜாம் தடவி, சாக்லேட் பூசிய புதுப் பண்டம் ஒன்றும் பிறந்தது. அமெரிக்கக் கோஸி கதைகளில் இத்தாலியக் குடும்பம் வந்தால் இந்தத் தட்டும் வருவது இப்படித்தான்.

இப்போது இவற்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிப் பார்க்கலாம்.

முதலில் பிட்ஸெல்லே. முட்டை, சர்க்கரை, மாவு, வெண்ணெய் அல்லது எண்ணெய், சோம்பை நினைவூட்டும் ஆனிஸ் வாசனை. பூவேலை செதுக்கிய இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் ஒரு கரண்டி மாவை வைத்து அழுத்திச் சுடுவது. ஒன்று வேக ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்தக் காலத்தில் நீளக் கைப்பிடி வைத்த இரும்பைத் தணலில் பிடித்து, ஒரு பக்கத்துக்கு அருள் நிறைந்த மரியே, மறுபக்கத்துக்கு விண்ணகத் தந்தையே என்று செபம் சொல்லி நேரம் கணக்கிட்டார்கள் என்பார்கள். இதன் பொருள் என்ன? பிட்ஸெல்லே சுடுபவர் இரும்பை விட்டு நகர முடியாது. தட்டில் அறுபது பிட்ஸெல்லே ஒரே நிறத்தில், ஒன்றுகூடக் கருகாமல் இருந்தால் அந்த ஒரு மணி நேரம் அவர் அடுப்படியில்தான் நின்றார். நடுவில் இரண்டு மூன்று கருகியிருந்தால் கேள்வி கேட்க இடம் இருக்கிறது. இன்னொன்று: பழைய இரும்புகள் சிலவற்றில் குடும்பப் பெயரின் முதலெழுத்துகளைச் செதுக்கி, கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுப்பார்கள். ஆகவே பிட்ஸெல்லேயில் படிந்த கோலத்தைப் பார்த்தே எந்த வீட்டு இரும்பு என்று சொல்லிவிட முடியும். ஒரு முழு நாவலுக்கு இது போதும்.

இரண்டாவது குச்சிதாத்தி. காய்ந்த அத்தி, திராட்சை, பாதாம் அல்லது வால்நட், ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு எல்லாம் அரைத்துப் பூரணம் செய்து, மாவில் பொதிந்து சுட்டு, மேலே ஐசிங் தடவி வண்ண மணிகள் தூவுவார்கள். பூரணத்தை முதல் நாளே செய்து ஊற வைப்பது வழக்கம். ஒரு வீட்டில் சாக்லேட் சேர்ப்பார்கள், இன்னொரு வீட்டில் மார்சாலா ஒயின், வேறொரு வீட்டில் விஸ்கி. சிசிலிப் பாட்டிகள் ஒரு கடி கடித்தாலே யார் வீட்டுப் பூரணம் என்று சொல்லிவிடுவார்கள். 'இன்று காலையில்தான் நினைத்தேன், மதியம் செய்து முடித்தேன்' என்று ஒரு பாத்திரம் சொன்னால், அத்தி எப்போது ஊறியது என்று நாம் கேட்க வேண்டும்.

கந்தூச்சி இதற்கு நேர்மாறு. டஸ்கனியின் ப்ராதோ நகரப் பண்டம். மாவைக் கட்டையாக உருட்டி ஒரு முறை சுட்டு, வெட்டி, மறுபடியும் சுடுவதால் ஈரமே இல்லாமல் வாரக்கணக்கில் டப்பாவில் இருக்கும். அது எப்போது சுட்டது என்று தின்று பார்த்துச் சொல்வது கடினம். அதனால் கந்தூச்சியை மட்டும் சாட்சியாகக் காட்டுபவரை நான் நம்ப மாட்டேன்.

அப்புறம் அம்மோனியா. இத்தாலியப் பழைய செய்முறைகள் பலவற்றில் பேக்கிங் பவுடருக்குப் பதில் அம்மோனியம் பைகார்பனேட் போடுவார்கள். சூடு பட்டதும் அது அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் பிரிந்து பிஸ்கட்டை மொறுமொறுப்பாக்கும். ஓவனைத் திறந்தால் நெடி கண்ணைக் கரிக்கும், ஆறியதும் சுத்தமாகப் போய்விடும். வெளியே பனி கொட்டும் இரவில் ஒரு வீட்டின் சமையலறை ஜன்னல் மட்டும் திறந்திருந்தது என்று கதை சொன்னால், வாசகர் யாரோ ஏறிக் குதித்தார்கள் என்று நினைப்பார். சுட்டுப் பழகியவர், என்ன குக்கீ செய்தார்கள் என்று கேட்பார். இந்த ஒரு விஷயத்தை அறிந்தால் போதும், பொய்த் துப்புக்கும் மெய்த் துப்புக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது பாதாம். துப்பறியும் கதை வாசகர்களுக்குக் கசப்புப் பாதாம் வாசனை என்றாலே சயனைடு. கசப்புப் பாதாமிலும் ஆப்ரிகாட் கொட்டையின் பருப்பிலும் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது. நசுக்கி ஈரம் பட்டால் அதிலிருந்து இரண்டு பொருட்கள் பிறக்கும். ஒன்று பென்சால்டிஹைடு, நாம் பாதாம் எசென்ஸ் என்று முகர்வது இதைத்தான். இன்னொன்று ஹைட்ரஜன் சயனைடு. முதலாவது வாசனை, இரண்டாவது விஷம். ஹைட்ரஜன் சயனைடு சுமார் 26 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகிவிடும். கடையில் விற்கும் எசென்ஸில் விஷத்தை நீக்கியிருப்பார்கள். அமரெத்தி போன்ற குக்கீகளில் அந்தக் கசப்பு வாசனை இனிப்போடு சேர்ந்து எவ்வளவு அருமையாக இருக்கிறது என்பதைத் தின்றவர்கள் அறிவார்கள். பரம்பரை காரணமாகச் சிலரால் சயனைடின் வாசனையை முகரவே முடியாது என்பதும் உண்மை. ஆகவே 'எனக்கு எந்த வாசனையும் வரவில்லை' என்று சொல்பவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிட முடியாது. கிறிஸ்டி முதல் உலகப் போரில் டார்க்கி நகர மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்தவர். அவர் கதைகளில் விஷங்கள் வேதியியல் பிசகாமல் வருவது அந்தப் பயிற்சியால்தான்.

ஆகவே இந்த மாதம் உங்களைச் செய்யச் சொல்வது பாதாமில் ஆன ரிச்சியாரெல்லி. சியேனாவின் இந்தப் பண்டத்துக்கு 2010-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்புக் குறியீடு கிடைத்தது. நான் சொல்வது வீட்டு முறை. பாதாம் மாவு 300 கிராம், பொடித்த சர்க்கரை 225 கிராம், ஒரு ஆரஞ்சின் துருவிய தோல் மூன்றையும் கலந்துகொள்ளுங்கள். இரண்டு முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து அதில் சேர்த்து, பாதாம் எசென்ஸ் அரை டீஸ்பூன் விட்டுப் பிசையுங்கள். மாவு கையில் ஒட்டும், பயப்படாதீர்கள். மூடி ஓர் இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். அதிரச மாவைப் போல இதையும் அவசரப்படுத்த முடியாது. மறுநாள் பொடித்த சர்க்கரையைத் தாராளமாகத் தூவிய பலகையில் உருட்டி, சாய்சதுரமாகத் தட்டி, மேலேயும் சர்க்கரையில் புரட்டி, 150 டிகிரி செல்சியஸ் ஓவனில் 18 முதல் 20 நிமிடம் வையுங்கள். மேலே வெடிப்பு விட வேண்டும், நிறம் மாறக் கூடாது, உள்ளே மெத்தென்று இருக்க வேண்டும். பொன்னிறமாகிவிட்டால் தாமதித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

படிப்பதை இதற்கு ஏற்றபடி பிரித்துக்கொள்ளுங்கள். முதல் மாலை மாவைப் பிசைந்துவிட்டு, கொலை நடக்கும் இடம் வரை படியுங்கள். மாவு ஊறும் இரவில் விசாரணை நடக்கட்டும். மறுநாள் குக்கீ ஆறும்போது புத்தகத்தை மூடிவிட்டு, யார் அடுப்படியில் எப்போது இருந்ததாகச் சொன்னார்கள், அந்தப் பண்டத்துக்கு அந்த நேரம் போதுமா என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெயரையும் எழுதுங்கள். அதற்குப் பிறகுதான் கடைசி மூன்று அத்தியாயங்கள். நாவலாசிரியர் செய்முறையைச் சரியாக அறிந்து எழுதினாரா என்பதும் இதில் தெரிந்துவிடும். ஓர் இரவு ஊற வேண்டிய மாவை அரை மணியில் சுட்டுத் தட்டில் வைக்கும் எழுத்தாளர் தன் துப்பறிவாளரையும் நியாயமாக நடத்துவதில்லை என்று நான் நினைக்கிறேன்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் கொலையைத் திருட்டாக மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம். காணாமல் போன பிட்ஸெல்லே இரும்பைத் தேடும் கதை அவர்களுக்குப் போதும்.

கேள்விகளுக்குப் போவதற்கு முன் ஒரு விஷயம். ஜன்னலோர மேசையில் இருப்பது ரிச்சியாரெல்லி, முழுக்கப் பாதாம். கொட்டை வகைகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். உங்களுக்காகப் பிட்ஸெல்லேயை வேறொரு நாளில் சுட்டு, தனி டப்பாவில் கொண்டுவந்திருக்கிறேன். கதவுப் பக்கத்து மேசையில் இருக்கிறது. அதிலும் முட்டையும் கோதுமை மாவும் உண்டு.