கொலம்பஸ் கட்டிய கால்பந்து ஸ்டேடியம்: சின்னதாகக் கட்டியதில் என்ன லாபம்?

[திரையில்: ஓஹையோ ஸ்டேடியம், மேலிருந்து]

வணக்கம். 1996-ல் அமெரிக்காவில் மேஜர் லீக் சாக்கர் என்ற கால்பந்து லீக் தொடங்கியபோது, ஓஹையோ மாநிலத் தலைநகரான கொலம்பஸின் 'க்ரூ' அணிக்குச் சொந்த மைதானம் கிடையாது. பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறு ஆட்டம்) ஸ்டேடியத்தில்தான் ஆடினார்கள். அங்கே ஏறத்தாழ 90,000 பேர் உட்காரலாம். கால்பந்துக்குப் பதினைந்தாயிரம் பேர் வந்தால் நல்ல கூட்டம்தான். ஆனால் அவ்வளவு பெரிய இடத்தில் காலி இருக்கைதான் கண்ணில் படும். டிவியில் பார்ப்பவருக்கு ஆட்டத்தை யாரும் சீந்தவில்லை என்று தோன்றும்.

[திரையில்: இரண்டு ஆடுகளங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக]

இந்தப் படத்தைப் பாருங்கள். அமெரிக்கன் ஃபுட்பால் களத்தின் அகலம் சுமார் 49 மீட்டர். சர்வதேசக் கால்பந்துக்கு வழக்கமான அகலம் 68 மீட்டர். அமெரிக்கன் ஃபுட்பாலுக்காகக் கட்டிய இடத்தில் கால்பந்தைத் திணித்தால் பக்கவாட்டில் இடம் சுருங்கிவிடும். விங்கில், அதாவது களத்தின் ஓரத்தில், ஆடுபவர் பந்தோடு விரிந்து ஓட முடியாது. எல்லா ஆட்டமும் நடுவிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். போதாததற்கு, வாடகை மைதானத்தில் பார்க்கிங் காசு, தின்பண்டக் காசு பெரும்பாலும் மைதானக்காரருக்கே போகும். ஆட்டத் தேதியும் அவர் வசதிப்படிதான்.

சரி, சொந்தமாகக் கட்டலாம். பணம்? விற்பனை வரியைக் கூட்டலாமா என்று 1997-ல் மக்களிடம் கேட்டார்கள். வேண்டாம் என்றார்கள். 1998-ல் பக்கத்து ஊரான டப்ளினிலும் வாக்கெடுப்பு தோற்றது. கடைசியில் உரிமையாளர் லாமர் ஹன்ட், மாநிலக் கண்காட்சித் திடலில் குத்தகை நிலம் பிடித்து, தனியார் பணத்திலேயே கட்டினார். செலவு சுமார் 2.85 கோடி டாலர், இருக்கைகள் சுமார் 22,500. 1999 மே 15-ல் திறந்தார்கள். மேஜர் லீக் சாக்கருக்கென்றே எழுந்த முதல் ஸ்டேடியம் இதுதான்.

[திரையில்: பழைய ஸ்டேடியத்தின் கேலரி]

ஆடம்பரம் எதுவும் இல்லை. இருக்கைகளுக்கு மேல் கூரை கிடையாது, பல இடங்களில் வெறும் உலோக பெஞ்ச். ஆனால் கேலரி களத்தை ஒட்டி இருந்தது. ஆயிரம் பேர் காலைத் தட்டினாலே அந்த உலோகம் அதிரும். அதன் பலன் 2001 பிப்ரவரி 28 இரவு தெரிந்தது. அமெரிக்கா - மெக்சிகோ உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம், உறைநிலைக்குக் கீழே குளிர். பெரிய நகரங்களின் ராட்சத மைதானங்களில் ஆடினால் பாதிக்கு மேல் மெக்சிகோ ரசிகர்களே நிறைவார்கள். இங்கே டிக்கெட் குறைவு, அவை உள்ளூர்க்காரர்கள் கைக்கே போய்ச் சேர்ந்தன. அமெரிக்கா 2-0 என்று ஜெயித்தது. 2005, 2009, 2013-லும் அதே மைதானம், அதே 2-0!

குறை என்னவென்றால், இடம். என்னைக் கேட்டால் கூரை இல்லாததைவிட இதுதான் பெரிய குறை. சுற்றிலும் பார்க்கிங் நிலம். ஆட்டம் முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. நடந்துபோய்ச் சாப்பிட ஒரு கடைத்தெரு இருந்திருந்தால், அந்தக் கூட்டத்தால் ஊருக்கும் வியாபாரம் நடந்திருக்கும்.

2017-ல் அப்போதைய உரிமையாளர் அணியை டெக்ஸஸின் ஆஸ்டினுக்கு மாற்றப் பார்த்தார். ரசிகர்கள் வீதிக்கு வந்தார்கள். வரிப்பணத்தின் உதவி பெற்ற இடத்தில் ஆடும் அணி, ஊரைவிட்டுப் போகுமுன் ஆறு மாத நோட்டீஸ் தர வேண்டும், உள்ளூரார் வாங்கவும் வாய்ப்பளிக்க வேண்டும் என்று ஓஹையோவில் 1996-லிருந்தே சட்டம் உண்டு. ஸ்டேடியம் தனியார் பணத்தில் எழுந்தாலும், நிலம் மாநிலத்துடையதுதானே. அந்தச் சட்டத்தை வைத்து மாநில அரசு வழக்குப் போட்டது. புதிய உரிமையாளர்கள் வந்தார்கள், அணி தங்கியது.

[திரையில்: புதிய ஸ்டேடியம், சுற்றிலும் தெருக்கள்]

அப்புறம் நகர மையத்தை ஒட்டியே புதிய ஸ்டேடியம் கட்டி, 2021 ஜூலை 3-ல் திறந்தார்கள். செலவு 30 கோடி டாலருக்கும் மேல். இப்போது இருக்கைகளுக்கு மேல் கூரை உண்டு, ஆட்டம் முடிந்து நடக்கும் தூரத்தில் உணவகங்களும் உண்டு. ஆனால் இருக்கை எண்ணிக்கையை மட்டும் கூட்டவில்லை, சுமார் 20,000தான். பழைய மைதானத்தில் அணி இன்று பயிற்சி எடுக்கிறது. ஆஸ்டினுக்கும் தனி அணி கிடைத்தது. அவர்களும் அதே 2021-ல், ஏறக்குறைய அதே அளவில் ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள்.