மாத்திரை போட்டும் அழுத்தினால் ஏன் வலிக்கிறது?

வணக்கம் நண்பர்களே, இன்று உட்கார்ந்துதான் பேசப்போகிறேன், காரணம் இதோ, கணுக்கால். முந்தாநாள் இதே கேமரா ஸ்டாண்டு தடுக்கி மடங்கிக்கொண்டது. வெறும் சுளுக்குதான். ஆனால் அன்று ராத்திரி போர்வை பட்டாலே உயிர் போனது. போர்வை என்ன அவ்வளவு கனமா?

அடிபட்ட இடத்தில் காக்ஸ் என்ற நொதி புரோஸ்டாகிளாண்டின் என்று ஒரு வேதிப்பொருளைத் தயாரிக்கிறது. அது தானாக வலியை உண்டாக்குவதைவிட, அங்கிருக்கும் நரம்பு முனைகளைத் தொட்டாற்சிணுங்கியாக்கி விடுவதுதான் அதிகம், அப்புறம் சாதாரண உரசலுக்கே நரம்பு கூப்பாடு போடும். நான் போட்ட வலி மாத்திரை ஐபுபுரூஃபன், அது காக்ஸைத் தடுக்கிறது, புரோஸ்டாகிளாண்டின் குறைகிறது, நரம்பு பழைய நிதானத்துக்கு வருகிறது. மரத்துப்போவதில்லை, கவனியுங்கள். போர்வை இப்போது உறுத்தவில்லை, ஆனால் விரலால் இப்படி அழுத்தினால்... ஆ! வலிக்கத்தான் செய்கிறது. மரத்துப்போக வேண்டுமென்றால் பல் டாக்டர் போடும் ஊசி வேண்டும், அது நரம்புக்குள் சோடியம் போகும் வழியையே அடைத்துவிடும்.

சரி, இந்த மாத்திரையால் வயிறு ஏன் புண்ணாகிறது? வயிற்றின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கும் சளிப்படலத்துக்கும் இதே புரோஸ்டாகிளாண்டின்தான் வேண்டும். மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது, கணுக்காலோடு நிற்காது. "சாப்பிட்டுவிட்டுப் போட்டால் ஒன்றும் ஆகாது" என்பது பாதி உண்மைதான், ஊசியாகப் போட்டாலும் வயிறு புண்ணாகலாம்.

பாராசிட்டமால் வேறு ரகம். அது பெரும்பாலும் மூளையிலும் தண்டுவடத்திலும்தான் வேலை செய்கிறது, அதனால் வலி குறையும், வீக்கம் அவ்வளவாகக் குறையாது. சளி மாத்திரைகளிலும் அது ஒளிந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படியுங்கள், அளவு மீறினால் கல்லீரல் போய்விடும்.

எனக்குப் பிடித்தது ஆஸ்பிரின் கதை. 1899 முதல் சந்தையில் இருக்கிறது, ஆனால் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுத்துத்தான் அது வேலை செய்கிறது என்று ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி காட்டியது 1971ல், அதற்காக 1982ல் நோபலும் பகிர்ந்துகொண்டார். ஆஸ்பிரின் காக்ஸை ஒரேயடியாக முடக்கிவிடும். ரத்தத் தட்டணுக்களுக்கு உட்கரு கிடையாது, புதிதாகக் காக்ஸ் செய்துகொள்ள வழியில்லை, அவை ஆயுள் முடிந்து போகிற வரைக்கும், கிட்டத்தட்ட 7 முதல் 10 நாள், அப்படியேதான் இருக்கும். ஐபுபுரூஃபன் அப்படியில்லை, பிடித்ததைச் சில மணி நேரத்தில் விட்டுவிடும். காலையில் போட்டது, இதோ, சாக்ஸ் மறுபடி உறுத்த ஆரம்பித்துவிட்டது.