எட்டரை மணிக்கு மேல் நாவல் படிக்கிறவர்கள்

எல்லாருக்கும் வணக்கமுங்க. தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா, ஊராட்சித் தலைவர் அம்மா, மண்டபத்தை வாடகை வாங்காமல் விட்ட மில்கார அண்ணன், பொன்னாடை வாங்கியும் கிளம்பாமல் உட்கார்ந்திருக்கும் முன்வரிசைப் பெரியவர்கள், மைக்செட் தம்பி, யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன தடவை ஒருத்தரை விட்டுவிட்டு ஆறு மாதம் பேச்சு வாங்கினேன்.

மூன்று விஷயம் பேசச் சொன்னார்கள். இப்போது வரும் தமிழ் நாவல்களில் எதைப் படிக்கலாம், மொழிபெயர்ப்பில் எதைப் படிக்கலாம், பிள்ளைகளுக்கு எதைக் கொடுக்கலாம். நான் கதைப்புத்தகம் எடுத்தாலே எங்கள் அப்பாரு ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதுடா’ என்பார். அந்தச் சுரைக்காயைத்தான் இன்றைக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

முதலில் தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’. 2023இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது, அதற்காகப் படிக்க வேண்டாம். காரு மாமா என்கிற நாவிதர் இறந்துபோகிறார், எழவுக்குச் சொந்தமெல்லாம் கூடுகிறது. நம் கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுகிறவரும் நாவிதர்தான், அவர் வீட்டுத் திண்ணையில் நம்மில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம்? இந்த நாவல் உட்கார வைக்கிறது. கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

அப்புறம் இரா. முருகவேளின் ‘முகிலினி’. பவானிக் கரையில் ஒரு ரயான் ஆலை வந்து, சோறும் போட்டு ஆற்றையும் கெடுத்த கதை. சாயக்கழிவு ஓடும் நொய்யல் ஆற்றுப் பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிற நமக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு?

மூன்றாவது எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’. திருப்பூரில் ஐந்து நண்பர்கள், கூடவே வளரும் பனியன் தொழில். இதைப் பற்றி ஒரு கதை சொல்லியாக வேண்டும். நான் பனியன் கம்பெனியில் செக்கிங்கில், அதாவது தைத்த துணியில் பழுது பார்க்கும் வேலையில், இருந்தபோது பக்கத்து மேசை சிங்கர் மெஷின் டெய்லர் ஒருத்தர், பள்ளிக்கூடம் விட்ட பிறகு புத்தகமே தொடாதவர், டீ இடைவேளையில் என் பையிலிருந்து இதை எடுத்துப் புரட்டினார். ‘எத்தன பக்கமுங்ணா, தலகாணி மாதிரி இருக்குது’ என்றார். கொண்டுபோங்கள் என்றேன். மூன்று வாரம் ஆச்சு, சத்தத்தையே காணோம். கேட்டால் ‘இன்னிக்கு மறந்துட்டனுங்’ என்பார். நூலகத்துப் புத்தகம், எனக்குப் பயம். கடைசியில் ஒரு சனிக்கிழமை, சம்பளம் போட்ட கையோடு கொண்டுவந்தார். அட்டையில் மெஷின் எண்ணெய், உள்ளே நாலைந்து இடத்தில் பீஸ் ரேட் எழுதிய துண்டுச்சீட்டு, நடுவில் ஒரு வெட்டுத்துணி. ‘ஊட்டுல படிச்சுக் காட்டுனனுங்ணா, எங்கம்மா நடுவுல நிறுத்துனா உடமாட்டீங்குது, அடுத்தது என்ன இருக்குது?’ அப்பாரு உயிரோடு இருந்தால் சுரைக்காய் கறியான கதையைச் சொல்லியிருப்பேன்.

அடுத்தது வாங்க அவரை நானே நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். எட்டரைக்கு ஷிஃப்ட் முடித்து ஓடினோம். பூட்டு. மறுநாளும் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்குத் துணி துவைக்கணும், ரேஷனுக்குப் போகணும். அவர் அப்புறம் கேட்கவே இல்லை.

மொழிபெயர்ப்புக்கு வருகிறேன், ஆனால் இதைச் சொல்லிவிட்டுத்தான். 1948லேயே இங்கே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. அந்த டெய்லர் கொடுக்கும் வாடகையிலும் அது இருக்கிறது. சுரைக்காயை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, கறிக்கு ஆகாது என்றால் எப்படிங்க? வாரத்தில் இரண்டு நாளாவது ராத்திரி பத்து வரை திறக்கட்டும். தலைவர் அம்மா மேடையிலேயே இருக்கிறார்கள், தலையாட்டினதை நான் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள்.

தலைமையாசிரியர் ஐயா மணியடிக்கிறார். மொழிபெயர்ப்பும் பிள்ளைகள் புத்தகமும் அடுத்த கூட்டத்தில். நூலகத்தை ராத்திரியில் திறக்கக் கேட்கும் மனுத்தாள் இடது பக்கமிருந்து வருகிறது, கையெழுத்தோடு எத்தனை மணிக்கு வேலை முடிகிறது என்பதையும் எழுதுங்கள். பேனா மண்டபக்காரருடையது, திரும்பி வரணும்.