தீக்குச்சியில் பிறந்த வான்போர்

நேயர்களுக்கு வணக்கம். கோழி பிடித்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். ஓட்டத்தில் நாம்தான் வேகம். ஆனால் கைக்கு எட்டும் நேரம் பார்த்து அது சட்டென்று பக்கவாட்டில் திரும்பும். நாம் நாலடி தாண்டிப்போய் நின்று திரும்புவதற்குள் வேலியோரம் போய்விடும்.

இரண்டு போர் விமானங்கள் நெருங்கி மோதும்போதும் இதே கதைதான். 1941-இல் அமெரிக்கக் கடற்படை விமானி ஜான் தாச் கவலைப்பட்டதும் இதற்குத்தான். ஜப்பானின் ஜீரோ விமானம் வேகமாக மேலேறும், சின்ன வட்டத்தில் திரும்பும் என்று தகவல் வந்தது. தாச் ஓட்டிய வைல்ட்கேட் விமானத்தால் அது முடியாது. கலிபோர்னியாவின் கொரனாடோவில் தன் வீட்டுச் சமையலறை மேசையில் இரவு நேரங்களில் தீக்குச்சிகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். இந்தக் குச்சி நான், அந்தக் குச்சி அவன். தன் குச்சியை நகர்த்தினால், எதிராளியின் குச்சியையும் அவரேதான் நகர்த்தியாக வேண்டும். எதிராளி என்ன செய்வான் என்று யோசித்து நம் அடியை எடுத்துவைக்கும் கணக்கை, ஆட்டக் கோட்பாடு என்று நாங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம்; அதன் சாரமே அந்த மேசையில் இருக்கிறது.

வழி கிடைத்தது. இரண்டு விமானங்கள் இடைவெளி விட்டு அக்கம்பக்கமாகப் பறக்கும். ஒன்றின் வாலை எதிரி பிடித்தால், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பும். எதிரி விடாமல் துரத்தினால், மற்ற விமானத்தின் துப்பாக்கிக்கு நேரே வருவான். விலகினால், துரத்தப்பட்டவன் தப்பித்தான். சடை பின்னுவதுபோல மாறி மாறிக் குறுக்கே போவதால் 'தாச் பின்னல்' என்றே பெயர்.

ஒத்திகையில் தற்காக்கும் விமானங்களுக்குப் பாதி விசைதான் கொடுத்தார். அப்படியும் பின்னல் தாக்குப்பிடித்தது. 1942 ஜூன் 4, பசிபிக் கடலில் அமெரிக்காவும் ஜப்பானும் மோதிய மிட்வே போரில், ஜீரோக்கள் சூழ்ந்த நேரத்தில் தாச் அதையே பறந்து காட்டினார்.

இதில் என்னை இத்தனை வருடமாகக் கட்டிப்போட்டிருப்பது ஒன்றுதான். எதிரிக்கு இந்த வித்தை தெரிந்திருந்தாலும் பலிக்கும். திரும்பவும் சொல்கிறேன், தெரிந்திருந்தாலும் பலிக்கும். ஏமாற்று வித்தை ஒருமுறைதான் செல்லும். நல்ல உத்தி, எதிராளி மிகச் சிறப்பாக ஆடுவான் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடும்.

1950-களில் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் கணித அறிஞர் ரூஃபஸ் ஐசக்ஸ் இந்தத் துரத்தல்களைச் சமன்பாடுகளாக்கினார். வேகமாக ஓடும், ஆனால் சட்டென்று திரும்ப முடியாத கார் ஒன்று. மெதுவாக ஓடினாலும் நினைத்த பக்கம் திரும்பும் மனிதன் ஒருவன். நம்முடைய கோழிதான்! ஆனால் வான்போரில் துரத்துகிறவன் யார், ஓடுகிறவன் யார் என்பது நொடிக்கு நொடி மாறும். கணக்கு சிக்கலாவது அங்கேதான்.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். சரி, ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2020 ஆகஸ்டில் அமெரிக்காவில், கணினித் திரைப் போரில், செயற்கை நுண்ணறிவு ஒரு எஃப்-16 விமானியை 5-0 என்று வென்றது. ஆனால் எதிரி எங்கே இருக்கிறான் என்பது அதற்கு ஒவ்வொரு கணமும் துல்லியமாகத் தெரிந்திருந்தது. நிஜ விமானியோ கழுத்தைத் திருப்பித் தேட வேண்டும். நன்றி, வணக்கம்.