ஏற்காடு ஏற்றத்தில் ஆட்டோமேட்டிக் கியர் ஏன் தயங்குகிறது?

[காட்சி: அடிவாரம் தாண்டி மேலே ஏறும் மலைப்பாதை. காருக்குள்ளிருந்து எடுத்தது.]

வணக்கம். சேலத்தில் அஸ்தம்பட்டி, கோரிமேடு வரைக்கும் ஆட்டோமேட்டிக் காரில் எந்தக் குறையும் தெரியாது. அடிவாரம் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு வந்ததும்தான் கியர்பாக்ஸின் உண்மையான குணம் தெரியும். வளைவில் திரும்பி ஆக்சிலரேட்டரை மிதிப்பீர்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறும், வண்டி நகராது. பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிக்கும். அப்புறம் ஒரு குலுக்கலோடு கிளம்பும்.

இது பழுதா, அந்தக் கியர்பாக்ஸின் இயல்பா? இது தெரியாமல் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் தேவையே இல்லாமல் கியர்பாக்ஸைக் கழற்றும் நிலை வந்துவிடும். அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

முதலில் உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். விலை குறைந்த சின்னக் கார்களில் பெரும்பாலும் ஏஎம்டி. அது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். நாம் காலால் மிதிக்கும் கிளட்ச்சையும் கையால் மாற்றும் கியரையும் ஆக்சுவேட்டர் என்ற கருவி இயக்குகிறது. கிளட்ச் ஒன்றே ஒன்று. அது விலகி, கியர் மாறி, மறுபடி சேரும்வரை சக்கரத்துக்குச் சக்தி போகாது. ஏற்றத்தில் அந்த இடைவெளி நன்றாகவே தெரியும். இதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். வளைவுக்கு முன்பே மேனுவல் முறைக்கு மாற்றி இரண்டாவது கியரிலோ முதல் கியரிலோ வைத்துக்கொண்டால் தொல்லை பாதி குறையும். ஏஎம்டி வண்டியை ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தே நிறுத்தி வைக்காதீர்கள், கிளட்ச் கருகும். பிரேக்கில் நில்லுங்கள்.

[காட்சி: டார்க் கன்வெர்ட்டரின் குறுக்குவெட்டுப் படம்.]

டார்க் கன்வெர்ட்டர் வகையில் கதை வேறு. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் சக்தியைக் கடத்துவது எண்ணெய். உள்ளே கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடித்து கியரை மாற்றுவதும் அதே எண்ணெயின் அழுத்தம்தான். எந்தப் பாதையில் எவ்வளவு எண்ணெய் போக வேண்டும் என்பதை வால்வ் பாடி என்ற பகுதியில் இருக்கும், மின்சாரத்தால் இயங்கும் சோலனாய்டு என்ற வால்வுகள் தீர்மானிக்கின்றன. எண்ணெய் குறைந்தாலும், பழசாகிப் போனாலும், வால்வில் அழுக்கு சிக்கினாலும் அழுத்தம் ஏறுவதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைத்தான் நாம் தாமதமாக உணர்கிறோம்.

இதில் மலைக்கு ஒரு பங்கு உண்டு. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குக் கீழே. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இவ்வளவு உயரத்தையும் 20 கொண்டை ஊசி வளைவுகளோடு, குறைந்த வேகத்தில் ஏற வேண்டும். நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளும், அதாவது இன்ஜினும் கியர்பாக்ஸும் நேரடியாகச் சேர்ந்து சுழலும், எண்ணெய் அதிகம் சூடாகாது. மலையில் மெதுவாக ஏறும்போது பூட்டாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்த வழுக்கல் முழுவதும் சூடாக மாறி எண்ணெயில் சேரும். சூடான எண்ணெய் இளகும். எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல்கள் தேய்ந்திருந்தால் அது கசிந்து அழுத்தம் குறையும். ஊருக்குள் நன்றாக ஓடிய வண்டி, மேலே போகப்போகத் தயங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சேலத்து மே மாத வெயிலில் புறப்பட்டால் சொல்லவே வேண்டாம்.

தாமதம் எப்போது வருகிறது என்று கவனிப்பதுதான் மிக முக்கியம். காலையில் முதல் தடவை டி-யில் போட்டதும் இரண்டு மூன்று நொடி கழித்து வண்டி இழுக்கிறதா? எண்ணெய் அளவு குறைந்திருக்கலாம், சீல் இறுகியிருக்கலாம். சூடான பிறகு மட்டும் வருகிறதா? பழைய எண்ணெய், தேய்ந்த சீல், எண்ணெயைக் குளிர்விக்கும் கூலர் ஆகியவற்றைச் சந்தேகப்படலாம். ஒரே ஒரு கியர் மாற்றத்தில் மட்டும் வருகிறதா? அந்தக் கியருக்கான சோலனாய்டு அல்லது கிளட்ச். ஒரே கியரில் சிக்கிக்கொண்டு, எச்சரிக்கை விளக்கும் எரிந்தால், கம்ப்யூட்டர் வண்டியைப் பாதுகாப்பு நிலைக்குக் கொண்டுபோயிருக்கிறது. அதோடு மலை ஏறாதீர்கள்.

இன்னொன்று. டர்போ இன்ஜின் குறைந்த வேகத்தில் தாமதித்தாலும் பழி கியர்பாக்ஸ் மேல்தான் விழும். மேனுவல் முறையில் இரண்டாவது கியரிலேயே வைத்து ஓட்டிப் பாருங்கள். கியர் மாறாமலே தயக்கம் இருந்தால், காரணத்தை இன்ஜின் பக்கம் முதலில் தேடுங்கள்.

சிவிடி, டிசிடி வகைகளை இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். சிவிடி-யில் படிப்படியான கியரே இல்லை. மிதித்ததும் இன்ஜின் சத்தம் முன்னால் போக, வேகம் பின்னால் வருவது அதன் இயல்பு. டிசிடி-யில் கிளட்ச் இரண்டு. அவை எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் வகையாக இருந்தால், வண்டிகளின் வரிசையில் ஊர்ந்து ஊர்ந்து ஏறினால் சூடாகும். எச்சரிக்கை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள்.

[காட்சி: வெள்ளைத் துணியில் புது எண்ணெய்ச் சொட்டு, பக்கத்தில் பழைய எண்ணெய்ச் சொட்டு.]

இப்போது எண்ணெய். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான எண்ணெயை ஏடிஎஃப் என்பார்கள். புது ஏடிஎஃப் பெரும்பாலும் சிவப்பாக, தெளிவாக இருக்கும். கறுத்து, கருகிய வாசனை வந்தால் மாற்றியே ஆக வேண்டும். "ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்று சொல்லப்படும் எண்ணெயையும், அடிக்கடி மலை ஏறும் வண்டியில் அப்படியே விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கையேட்டில் கடுமையான பயன்பாட்டுக்கு என்று தனி இடைவெளி கொடுத்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள். சிவிடி-க்குள் சாதாரண ஏடிஎஃப் ஊற்றக் கூடாது. ஏஎம்டி-யின் கியர் ஆயில் வேறு. எந்தத் தரம் என்பதைக் கையேட்டில் பார்த்து, டப்பாவிலும் அதையே படித்துவிட்டு ஊற்றச் சொல்லுங்கள். அளவு பார்க்கும் முறையும் வண்டிக்கு வண்டி மாறும். பல வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். பல புது வண்டிகளில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கே கிடையாது, லிஃப்டில் ஏற்றி, குறிப்பிட்ட வெப்பத்தில்தான் பார்க்க முடியும்.

மெக்கானிக்கிடம் போகும்போது "கியர் சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். சூடாகவா குளிராகவா, எந்தக் கியரிலிருந்து எந்தக் கியருக்கு, ஏற்றத்திலா சமதளத்திலா என்று சொல்லுங்கள். முடிந்தால் அவரையே உட்கார வைத்து நாலைந்து வளைவு ஏறிக் காட்டுங்கள். முதலில் ஸ்கேனர் போட்டு, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறியீடுகளைப் பார்க்கட்டும். பேட்டரியையும் பார்க்கட்டும், வோல்டேஜ் குறைந்தால் ஏஎம்டி ஆக்சுவேட்டர் தடுமாறும். பிறகு எண்ணெய் அளவு, நிறம், வால்வ் பாடி. இவ்வளவும் பார்த்து, அதிலும் சரியாகவில்லை என்றால் மட்டும் கியர்பாக்ஸை இறக்கச் சம்மதியுங்கள்.