விருப்ப ஓய்வு யாருடைய விருப்பம்?

தோழர்களே, நம் நிர்வாகம் விருப்ப ஓய்வுத் திட்டத்தோடு வருகிறது. ஆட்குறைப்புச் சட்டம் நமக்கு மனப்பாடம். ஒரு மாத நோட்டீஸ், முடித்த சேவைக்கு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் இழப்பீடு, கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும். நிர்வாகத்துக்கும் இது மனப்பாடம். அதனால்தான் அந்த வாசல் பக்கமே அவர்கள் வருவதில்லை. விருப்ப ஓய்வு என்று பெயர் வைத்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது ஆட்குறைப்பே அல்ல.

பி.எஸ்.என்.எல்.லைப் பாருங்கள். 2019 பிப்ரவரியில் 4ஜி அலைக்கற்றை கேட்டு மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த மாதச் சம்பளமே தள்ளிப்போனது. ஒப்பந்தத் தொழிலாளிக்கோ மாதக்கணக்கில் பாக்கி. அக்டோபரில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது: 50 வயதானவர்களுக்கு, முடித்த சேவைக்கு ஆண்டுக்கு 35 நாள் சம்பளம், மீதமுள்ள சேவைக்கு ஆண்டுக்கு 25 நாள். 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,000-க்கு மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். ஏறக்குறைய பாதி நிறுவனம்!

போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். சம்பளம் வருமா என்றே தெரியாத வீட்டில், கைக்கு வரும் தொகையை யார் வேண்டாம் என்பார்? சங்கம் மேசையில் பேச வேண்டிய விஷயம் வீட்டுக்கு வீடு தனித்தனியாக முடிவானது. எனக்கு உறுத்துவது அதுதான்.

1993-இல் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் கார் நிறுவனத்தில் 30,000 பேர் அதிகம் என்று நிர்வாகம் சொன்னது. அங்குள்ள உலோகத் தொழிலாளர் சங்கமான ஐ.ஜி. மெட்டால் வேறு வழியில் பேசியது. வார வேலை 36 மணியிலிருந்து 28.8 மணியானது. ஆண்டு வருமானம் குறைந்தது, உண்மை. ஆனால் போனஸை மாதங்களுக்குப் பிரித்துப் போட்டதால் மாதச் சம்பளம் விழவில்லை. வேலைநீக்கம் இல்லை என்ற உறுதியும் கிடைத்தது. அங்கே நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு. நஷ்டக் கணக்கு அவர்கள் கைக்கும் வரும். நமக்கு? நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பு என்று 1976-இல் அரசியல் சட்டத்தில் 43ஏ பிரிவைச் சேர்த்தார்கள். நீதிமன்றத்தில் கேட்க முடியாத நெறிமுறை அது.

ஆகவே நாம் தரப்போகும் கடிதத்தில் இழப்பீட்டுத் தொகை முதல் கோரிக்கையாக இருக்கக் கூடாது. மூன்றாண்டு வரவு செலவு முதலில் வரட்டும். போகிறவர்களின் வேலையை யார் செய்வார்கள் என்பது பிரிவுவாரியாக எழுத்தில் வரட்டும். ஒப்பந்தத் தொழிலாளர் பாக்கியும் அதே கடிதத்தில் இருக்கட்டும். இவை கைக்கு வரும்வரை எந்த விண்ணப்பமும் விநியோகிக்கக் கூடாது என்று நிர்வாகத்திடம் எழுதி வாங்குவோம்.