துப்பாக்கி உரிமமும் மனநலச் சோதனையும்

வணக்கம் நேயர்களே. துப்பாக்கி வைத்திருப்போருக்கு மனநலச் சோதனை வேண்டுமா? கட்டாயம் வேண்டும். ஆனால் ஒருநாள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் சோதனையால் பெரிய பயன் இல்லை.

ஆஸ்திரியாவில் கைத்துப்பாக்கி வாங்க உளவியல் தேர்வில் தேற வேண்டும். 2025 ஜூன் 10ஆம் தேதி கிராஸ் நகரப் பள்ளியில் பத்துப் பேரைக் கொன்ற 21 வயது இளைஞர் அதில் தேறியவர்தான். ஆனால் அவரை ராணுவம் ஏற்கெனவே உளவியல் காரணத்தால் தகுதியில்லை என்று கழித்திருந்தது. அந்தத் தகவல் உரிமம் தரும் அலுவலகத்துக்குப் போக அப்போது சட்டத்தில் வழியில்லை.

ஜெர்மனியில் பொதுவாக 25 வயதுக்கு உட்பட்டவர்கள்தான் முதல் உரிமத்துக்கு மனநலச் சான்று தர வேண்டும்; மற்றவர்களிடம் சந்தேகம் எழுந்தால்தான் கேட்பார்கள். ஹாம்பர்க்கில் உரிமம் வைத்திருந்த ஒருவரைப் பற்றி 2023 ஜனவரியில் பெயரில்லாக் கடிதம் வந்தது. காவலர் இருவர் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போனார்கள். துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் பெட்டகத்தின் மேல் ஒரு தோட்டா கிடந்தது. வாய்மொழியாக எச்சரித்துவிட்டுத் திரும்பினார்கள். மார்ச் 9ஆம் தேதி, அவர் வழிபாட்டுக் கூடத்தில் ஆறு பேரையும் தாயின் வயிற்றிலிருந்த ஒரு சிசுவையும் கொன்றார்.

எழுத்துத் தேர்வு ஏன் தவறுகிறது? உரிமம் வேண்டுபவருக்கு எந்தப் பதிலை எழுதினால் தேறலாம் என்று தெரியும். அதனால் நேரில் உட்கார வைத்துப் பேச வேண்டும்: தூக்கம் எப்படி, எவ்வளவு குடிக்கிறார், தன்னையே மாய்த்துக்கொள்ள நினைத்ததுண்டா, யார்மேல் கோபம், பெட்டகச் சாவி யாரிடம் இருக்கும். கூட வாழ்பவரைத் தனியாகக் கேட்க வேண்டும். விண்ணப்பிப்பவர் முன்னால் கேட்டால் உண்மை வராது.

இந்த விஷயத்தில் கனடாவின் விண்ணப்பப் படிவம் எனக்குப் பிடிக்கும். கடந்த இரண்டு ஆண்டுகளில் மணமுறிவு, பிரிவு, வேலையிழப்பு, திவால் ஏதும் நேர்ந்ததா என்று கேட்கிறது. மனைவி, கணவர், சேர்ந்து வாழ்பவர், இரண்டு ஆண்டுக்குள் பிரிந்து போனவர் ஆகியோரின் கையெழுத்தும் கேட்கிறது. போடாவிட்டால் அவர்களுக்கு அதிகாரிகளே தகவல் சொல்வார்கள். முதல்முறை விண்ணப்பிப்பவர் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும். அந்தக் கேள்விகளுக்கு 'ஆம்' என்று பதில் எழுதினால் உடனே மறுத்துவிட மாட்டார்கள், விசாரிப்பார்கள். அதுதான் நியாயம். மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்யாதவர்கள். சிகிச்சைக்குப் போனாலே உரிமம் பறிபோகும் என்ற பயம் வந்துவிட்டால், உதவி தேவைப்படுபவர் மருத்துவரிடமே போகமாட்டார்.

அந்த உதவி பலமுறை தன் உயிரைக் காக்கத்தான். அமெரிக்காவில் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். அந்த எண்ணம் உச்சத்தில் நிற்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அந்நேரம் ஆயுதம் கைக்கு எட்டாமல் இருந்தால் பலர் பிழைத்துக்கொள்வார்கள். கனடாவில் இப்போது, குடும்பத்தாரோ மருத்துவரோ வேறு யாரோ, ஆபத்து என்று அஞ்சினால் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து 30 நாள் வரை ஆயுதம் வைத்திருக்கத் தடை வாங்கலாம். உடனடி ஆபத்து என்றால் நீதிமன்றம் வரை காத்திருக்க வேண்டாம், அங்குள்ள அவசர உதவி எண்ணான 911ஐ அழையுங்கள்.